பின்னாலேயே வந்த லோடு வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மார்கழி மாதத்தில் ஒருநாள் விடிகாலை. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் நடந்தது இது.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில், ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததுமே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எனக்கு எப்போதும் காலை ஷிஃப்ட்தான். பல வருடங்களாக ஸ்கூட்டரில் போய்வந்தேன். பனிக்காலம் வந்தாலே மூச்சிரைப்பு வந்து படுத்துவிடுவேன். அந்த வருடம் என் கணவர், "இனிமே நீ பனியில போக வாணாம்" என்று ஒரே பிடியாக நின்று கார் வாங்கிவிட்டார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுதான் முதல் புதுக்கார். தூசி தெரியாது என்று நான்தான் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கார் வந்த நாளிலிருந்து எனக்குச் சந்தேகப் புத்தி வந்துவிட்டது. அதுவரை நான் அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை, காரைச் சுற்றி ஒரு நடை. பானெட் மேல் படிந்திருக்கும் பனியில் விரல் தடம் தெரிந்தால் யாருடையது என்று யோசிப்பேன். எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து, நல்ல வண்டியா என்று பார்ப்பதுபோல் கதவைத் தட்டுவார். அவர் போனதும் அந்த இடத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பார்ப்பேன். சீட்டுக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்க மனசு வரவில்லை. பருத்தித் துணியால் பனியைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

ஷோரூமில் வேறு நிறைய சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை இன்ஜின் புதுசு, அதை விரட்டக் கூடாது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது, கொஞ்ச நேரம் விட்டு மெதுவாகக் கிளம்ப வேண்டும். நான் அதையெல்லாம் மாத்திரை மருந்து மாதிரி கடைப்பிடித்தேன். சைக்கிள்காரர்கூட என்னைத் தாண்டிப் போவார் என்று என் கணவர் கேலி செய்வார்.

இதற்கு நடுவில் எங்கள் தெரு பெண்கள் குழுவில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. தனியாகக் கார் ஓட்டும் பெண்களைத்தான் குறி வைக்கிறார்களாம். பின்னாலேயே வந்து ஹார்ன் அடிப்பார்களாம். "உங்க வண்டியில ஏதோ கோளாறு" என்று சொல்லி நிறுத்த வைப்பார்களாம். இறங்கினால் முடிந்தது கதை. உண்மையோ பொய்யோ, நான் அதை மூன்று நான்கு முறை கேட்டேன்.

அன்றைக்கு நான் கிளம்பும்போது லேசாக வெளுத்துவிட்டது. எங்கள் தெருவில் பனி அவ்வளவாக இல்லை. காரை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் வெள்ளை விளக்கு தானாக எரிந்து எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. உள்ளே மீட்டரும் பளிச்சென்று எரிந்தது. லைட் எரிகிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் ஓட்டப் பழகியது டிரைவிங் ஸ்கூலின் பழைய காரில். அதில் லைட்டைப் போட்டால்தான் மீட்டர் எரியும்.

திருப்புலிவனம் தாண்டியதும் பனி சுவர் மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் வயல், ஏரி. எங்கே சாலை முடிகிறது, எங்கே வயல் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன்.

திடீரென்று பின்னால் கிறீச்சென்று பிரேக் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். என் காரை ஒட்டி இரண்டு மஞ்சள் வெளிச்சம். ஒரு சின்ன லோடு வண்டி. உள்ளே தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு இரண்டு உருவங்கள். கண் மட்டும்தான் தெரிந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியவில்லை. ஹார்ன் அடித்தார்கள். விட்டு விட்டு, நிறுத்தாமல்.

வழி கேட்கிறார்கள் போல என்று இடது பக்கம் ஒதுங்கினேன். அவர்கள் தாண்டாமல் பக்கத்தில் வந்தார்கள். என் பக்கமாக உட்கார்ந்திருந்த உருவம் கையை வெளியே நீட்டி, நிறுத்து நிறுத்து என்பதுபோல் ஆட்டியது. கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சட்டென்று வலது பக்கம் ஏறி வழியை அடைத்தேன். வண்டி பின்வாங்கியது. ஆனால் போகவில்லை. இரண்டு பக்க இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டு மின்னவிட்டுக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு என் பின்னாலேயே வந்தது.

முன்னால் எங்கோ நிற்கிற கூட்டாளிகளுக்கு அடையாளம் காட்டத்தான் அப்படி மின்னவிடுகிறார்கள் என்று தோன்றியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அதை அப்படியே நம்பினேன். நான் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக வந்தார்கள். புது இன்ஜினாவது ஒன்றாவது என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் அலறியது. அவர்களும் வேகமெடுத்தார்கள், ஹார்னை அழுத்திக்கொண்டே. எனக்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பயந்து மறுபடி வேகத்தைக் குறைத்தேன்.

அப்போது அந்த வண்டிக்கும் பின்னாலிருந்து ஒரு பெரிய ஹார்ன். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று எங்கள் இரண்டு வண்டிகளையும் உரசுகிற மாதிரி வலது பக்கமாகப் பாய்ந்து போனது. என் கார் ஆடிப்போனது. அதற்கும் நான் லோடு வண்டிக்காரர்களைத்தான் திட்டினேன்.

கணவருக்கு அழைக்கலாம் என்றால் அவர் ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட். போன் லாக்கரில் இருக்கும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்லவேளை, ஒரு ஊர் முனையில் பால் சொசைட்டி விளக்கு தெரிந்தது. கேன்களோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களை ஒட்டி நிறுத்தினேன். லோடு வண்டியும் கொஞ்சம் தள்ளி, மின்னிக்கொண்டே நின்றது.

ஒரு உருவம் இறங்கி வந்தது. கதவுக் கண்ணாடிக்கு அருகில் வந்து முகத்துத் துணியை விலக்கியபோதுதான் அது ஒரு பெண் என்று தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினார்.

"யம்மா, பின்னால லைட்டே எரியல உன் வண்டில. எறங்கி வந்து பாரு."

அதே வார்த்தை! வண்டியில் கோளாறு, இறங்கி வா. பெண்ணை முன்னால் அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். லைட் எரிகிறது என்று மீட்டரைக் காட்டினேன். தலையாட்டி மறுத்தார். நான் போனை எடுத்து அவர் முகத்தைப் படம் பிடித்தேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "எடுத்துக்கோ. அங்க நம்பர் கீது, அதையும் எடுத்துக்கோ. நீ எறங்க வாணாம், கதவும் தொறக்க வாணாம்" என்றார். பிறகு திரும்பி, வண்டியை ஓட்டி வந்த தன் வீட்டுக்காரரிடம் ஏதோ கத்தினார். அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே போனில் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். படம் முழுக்கப் பனி. நடுவில் புகை மாதிரி ஏதோ ஒன்று. அதுதான் என் கார். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

அப்போதும் நம்பவில்லை நான். வேறு எந்த வண்டியின் படமோ என்று நினைத்தேன். அவருக்கு அது புரிந்துவிட்டது போலிருக்கிறது. "ஸ்டேரிங்காண்ட கீற லைட்டு சுச்ச திருப்பு. திருப்பிட்டுக் கண்ணாடில பாரு. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் குமிழைத் திருப்பினேன்.

கண்ணாடியில் பனி சட்டென்று சிவந்தது. பால் கேன்கள், நின்றிருந்தவர்களின் வேட்டி, அந்தப் பெண்ணின் முகம், எல்லாமே சிவப்பு. அதுவரை கண்ணாடியில் வெறும் சாம்பல் நிறம் மட்டுமே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் தானாக எரிவது, பகலில் எதிரே வருகிறவர்களுக்கு வண்டி தெரிவதற்கான விளக்கு. அதற்கும் பின்னால் எரியும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவு தூரம் சாம்பல் நிறக் காரில், சாம்பல் நிறப் பனிக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல் ஊர்ந்துகொண்டு வந்திருக்கிறேன்.

கதவைத் திறந்து இறங்கினேன். பின்னால் போய் எரிகிற விளக்கைப் பார்த்தேன்.

"திருப்புலிவனம் தாண்டி நாங்களே உம்மேல ஏத்தியிருப்போம்மா. கிட்ட வந்தப்புறம்தான் கார் கீதுன்னே தெரிஞ்சுது. இவரு அடிச்ச பிரேக்குல கீரைக்கட்டெல்லாம் சரிஞ்சுபோச்சு" என்றார். காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோகிறவர்கள். வண்டியின் பின்பக்கத்தில் ஈரச் சாக்கு மூடிய கட்டுகள் ஒரு பக்கமாகக் கிடந்தன.

"நான்தான் முதல்ல ஒதுங்கி வழி விட்டேனே அக்கா, அப்பவே என்னைத் தாண்டிப் போயிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"போயிட்டா உன் பின்னால யாரு வர்றது? அந்த டிப்பர்காரன் எங்க லைட்டு மின்னுறத பாத்துதான வளைச்சிக்கினு போனான்?"

கண்ணில் தண்ணீர் நின்றது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ உளறினேன். "இதுல இன்னா கீது? நானா இருந்தாலும் எறங்கியிருக்க மாட்டேன்" என்றார். வண்டியிலிருந்து அவர் வீட்டுக்காரர், நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். கடைசிவரை அவர் முகத்தை நான் பார்க்கவேயில்லை. அந்தப் பெண் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். இந்த முறை அவர்கள் என்னைத் தாண்டி முன்னால் போனார்கள். பனிக்குள் அவர்களுடைய சிவப்பு விளக்கு கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் மறைந்தது. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அன்று முதலில் வந்த நோயாளிக்கு ரத்தம் எடுக்க என்னால் முடியவில்லை. கூட வேலை செய்யும் பெண்ணை எடுக்கச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

மாலையில் கணவரிடம் சொன்னபோது அவர் ஆடிப்போனார். பிறகு, "முன்பின் தெரியாதவங்க எதுக்கு அவ்ளோ தூரம் பின்னாலயே வரணும்?" என்று கேட்டார். அவருக்கும் லேசாகச் சந்தேகம்தான். எதுக்கு வர வேண்டும்? சந்தைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவர்களைத் திருடர்கள் என்று நினைத்து ஓடினேன். கோபித்துக்கொண்டு போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் கீரை ஏற்றிய வண்டி எதைப் பார்த்தாலும் உள்ளே எட்டிப் பார்ப்பேன். அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. ஒருவேளை பார்த்திருக்கலாம், துணி சுற்றாத முகத்தை எனக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம்.

தனியாகப் போகும்போது யாராவது பின்னாலேயே வந்தால் இன்றைக்கும் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது, கதவைப் பூட்டத்தான் செய்கிறேன். ஆனால் நான் பயந்து ஓட ஓட, அதற்காக என்னை விட்டுவிட்டுப் போய்விடாமல் எனக்கும் அந்த லாரிக்கும் நடுவில் தங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த அந்த இருவரை நினைக்காமல் ஒருநாளும் அந்தச் சாலையைக் கடந்ததில்லை.