கயிறு பிடிக்காத கால்

"படிச்சவள் வீட்டில இருந்தும் கொப்பருக்கு வருத்தம் வந்திட்டுதே. பிறகென்னத்துக்கு அந்தப் படிப்பு?"

அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி விறாந்தையில் மாமி இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்து முடித்தவள் நான். விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

அப்பா எங்கள் ஊர் சல்லிக் கடற்கரையில், கடலில் விரித்த கரைவலையைக் கயிற்றால் இழுப்பவர். அன்று கயிற்றைப் பிடித்தபடியே மணலில் சரிந்துவிட்டார். மாரடைப்பு (இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது). உயிர் தப்பியது.

வீடு திரும்பியதும் குசினியில் தேங்காய்ப்பாலையும் பொரியலையும் நிறுத்தினேன். "கண்டதையும் தின்றுதான் இப்படி வந்தது" என்று அவரிடமே சொன்னேன்.

"இது மீன் குழம்போ, மீன் கழுவின தண்ணியோ?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

பிறகு கொழும்பில் காட்டினோம். டொக்டர் அப்பாவின் விரல் மூட்டு மொளிகளையும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணையும் தடவிப் பார்த்தார். இரண்டிலும் கட்டிகள்.

"காய்ப்பு, டொக்டர். வலை இழுத்த கை, மணலில ஊன்றின கால்" என்றார் அப்பா. எங்கள் கரையில் அது நல்ல இழுவைக்காரனின் அடையாளம்.

"இல்லை ஐயா, இது கொழுப்பு."

கொழுப்பு இரத்தத்தில் கரையாது. அதனால் உடல் அதைப் புரதத்தோடு பொதிந்து சிறு உருண்டைகளாக (லிப்போபுரதம்) அனுப்புகிறது.

"ஒரு துறைமுகம் மாதிரித்தான் ஐயா" என்றார் டொக்டர். " சரக்கு வள்ளம் வருது, ஆனா உங்கட ஈரலில இறங்குதுறை பாதிதான் இருக்கு. இறக்க ஏலாத வள்ளங்கள் சுத்தித் திரிஞ்சு இரத்தக் குழாய்ச் சுவரிலயும் தசைநாணிலயும் ஒதுங்குது. இது பிறப்பிலேயே வந்தது. பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வரலாம்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் தின்று கெடுத்ததில்லையோ, பிள்ளை?"

அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தக் கேள்வி கேட்கிறது. உங்கள் வீட்டிலும் இந்த வருத்தம் இருக்கலாம். பத்தியம் வேண்டும்தான். நோயாளியைக் குற்றவாளியாக்காதீர்கள்.

ஊருக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது என் குதிகாலுக்கு மேலே கை நின்றது; அங்கேயும் ஒரு கட்டி. சப்பாத்து உரசிய தடிப்பு என்றுதான் அதை இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் ஒரு நாளும் கயிறு பிடித்தவளல்ல.

எனக்கு இருபத்துநாலு வயது. என் இரத்தக் குழாய்களுக்கு எத்தனை வயதோ தெரியாது.

இதைச் சொன்னால், என்னிடம் இருக்கும் குற்ற உணர்ச்சி, 'என்னாலதான் பிள்ளைக்கும் வந்தது' என்று அப்பாவிடம் போய்விடும் எனப் பயந்தேன். நேற்றுச் சொன்னேன். அப்பா குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ வலை இழுக்கவே இல்லையே, பிள்ளை."

இன்று காலை வெறும் வயிற்றோடு போய், கொழுப்புப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டேன். ஊசி ஏறியபோது, கூட வந்திருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.