கந்தோரில் ஆகப் பயந்த ஆள்

திருகோணமலைக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து, நாற்பத்துநான்கு வயது வரைக்கும் அந்தக் கடலில் கால் நனைத்ததோடு நின்றுகொண்டவள் சுலோஜனா. பயம்தான் காரணம். அதை அவள் ஒளித்ததுமில்லை. ஷெல் விழுந்த காலத்தில் பதுங்கு குழிக்குள் இருந்து கணக்குப் பாடம் செய்தவள் என்று அவளுடைய தங்கை சொல்லுவாள். அந்தப் பெரிய பயங்கள் எல்லாம் எப்படியோ அவளைத் தாண்டிப் போய்விட்டன. சில்லறைப் பயங்கள்தான் பிடித்துக்கொண்டன: ஈரமான மாடிப்படி, காஸ் சிலிண்டர், கொட்டாவி விடும் சாரதி. வவுனியாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போவதென்றாலும் பஸ்ஸில் ஏற முதல் சாரதியிடம் போய், “தம்பி, இரவு நித்திரை கொண்டனீங்களோ?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். அந்த நேரத்தில் அவளுடைய கணவர் வேறு யாரோ ஒருத்தியின் கணவர் போல அப்பால் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவள் வேலை செய்தது பாக்கியரத்தினத்தின் கந்தோரில். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குத் தண்ணீர், மரக்கறி, பழுது பார்க்க ஆள் என்று கேட்டதை எல்லாம் ஒழுங்குசெய்து கொடுக்கும் சின்ன நிறுவனம். கப்பலில் பாரந்தூக்கி பழுதானால் கொழும்பில் ஒரு பெரிய கம்பனியிலிருந்து பொறியியலாளர்களை வரவழைப்பார்கள். அந்தக் கம்பனி திடீரென்று ஒரு நிபந்தனை போட்டது. வேறெங்கோ வேலைக்குப் போன அவர்களுடைய ஊழியர் ஒருவர் வான் வண்டி புரண்டு கால் முறிந்து கிடந்த கதை அதற்குப் பின்னால் இருந்தது. இனித் தங்கள் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும், வந்து இறங்குவதிலிருந்து திரும்பிப் போவது வரை அவர்களுடைய பாதுகாப்புக்கு அங்கே ஒரு பொறுப்பான ஆள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆள் அனுப்ப ஏலாது.

பாக்கியரத்தினம் எல்லோரையும் கூப்பிட்டுச் சுற்றிப் பார்த்தார். பார்வை வந்து நின்ற இடத்தில் சுலோஜனா இருந்தாள்.

“நானோ சேர்? எனக்கு எல்லாத்துக்கும் பயமெல்லோ.”

“அதாலதான். இந்தக் கந்தோரில ஆகப் பயந்த ஆள் நீங்கள். மற்றவங்களைப் போட்டா பயப்பட மறந்துபோவாங்கள்.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய பயத்துக்கு ஒரு மேசை கிடைத்தது. அன்று பின்னேரமே கொழும்புக் கம்பனியின் பாதுகாப்புப் பகுதியிலிருந்து இல்ஹாம் என்ற இளைஞன் தொலைபேசியில் வந்தான். கீர்த்தனி என்றொரு பொறியியலாளரை அனுப்பப்போகிறார்களாம். வழியிலும் ஊரிலும் என்ன அபாயம் இருக்கிறது என்று கேட்டான். இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டதேயில்லை. சுலோஜனா மடை திறந்தாள். ஹபரணை கழிந்தால் றோட்டில் யானை, ஆகையால் கந்தளாய்க்கு வர முதல் பொழுதுபடக் கூடாது. பஸ் நிலையத்தடியில் மான்கள், அவற்றில் ஒன்று போன வருடம் ஒருவருடைய கைப்பையைத் திறந்து சாப்பாட்டுப் பார்சலைத் தின்றது. விடுதி ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போனால் குரங்கு. பகல் வெயில். வழுக்கும் குளியலறை. கப்பலின் கயிற்று ஏணி.



“மிஸ்,” என்றான் இல்ஹாம் கடைசியில், “நாங்க ஆளை அனுப்பவா, வேணாமா?”

“அனுப்புங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்.”

பார்த்தும் கொண்டாள். விடுதிக்குப் போய் அறையைக் கீழ்மாடிக்கு மாற்றினாள். வான் சாரதியை முதல்நாள் ஓய்வெடுக்க வைத்தாள். பாரந்தூக்கி பழுதான கப்பல் நங்கூரமிட்டிருந்தது உள்துறைமுகத்தில் அல்ல, வெளியே கொட்டியாரக் குடாவில். அங்கே போக லோஞ்ச் என்னும் எஞ்சின் படகு ஒழுங்கானது. ஒரு லோஞ்ச் போதாது என்று கிண்ணியாவிலிருந்து நஸ்ரியின் ஃபைபர் படகையும் பின்னால் வரச் சொன்னாள். பாக்கியரத்தினம் முகத்தைச் சுளித்தார். “சும்மா பின்னால வாறதுக்கு ஒரு படகோ?” என்றார். சும்மா வந்தால் சந்தோஷம்தான் என்றாள் அவள்.

கீர்த்தனி வெயில் சாய முதலே வந்து இறங்கினாள். குறும்பான கண்கள், தோளில் கருவிப் பை. வழி முழுக்கத் தொலைபேசி அடித்த குரலுக்கு உரியவளைக் கண்டதும் சிரித்தாள்.

“அக்கா, என்ட அம்மாகூட இவ்வளவு தரம் கோல் எடுக்கேல்லை.”

“அவவுக்கு ஹபரணை றோட்டைத் தெரியாதாக்கும்.”

அடுத்தநாள் காலை இறங்குதுறையில்தான் சிக்கல். திட்டப்படி கடலுக்குப் போவது லோஞ்ச் ஓட்டும் திலக்சன், கீர்த்தனி, துணைக்குப் பாக்கியரத்தினம். ஆளுக்கொன்றாக மூன்று லைஃப் ஜக்கெற். மூவரும் போட்டுக்கொண்டு நிற்க, சுலோஜனா கரையில் நின்று கப்பல் ஏணியில் பார்க்கவேண்டியதை எல்லாம் கீர்த்தனிக்குச் சொல்லிக்கொண்டே போனாள். எந்தப் படி கோணலாக இருக்கக்கூடாது, கயிற்றை எப்படி இழுத்துப் பார்க்கவேண்டும். பாதியிலே கீர்த்தனி கையை உயர்த்தினாள்.

“எனக்கு இதெல்லாம் ஞாபகம் நிக்காது அக்கா. நீங்கள் வாங்கோ.”

“நான் கடலுக்குப் போறதில்லைப் பிள்ளை. எனக்கு ஜக்கெற்றும் இல்லை.”

ஜக்கெற் இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அது தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று அவள் நினைத்த கணத்தில், பாக்கியரத்தினம் தன்னுடையதைக் கழற்றி அவள் கையில் வைத்தார். வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் விட்ட பொடியன்போல முகம் மலர்ந்திருந்தது. கடலில் தலை சுற்றி வாந்தி எடுக்கும் ஆள் அவர். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

“நீங்கள்தானே பொறுப்பு,” என்றார். “போயிட்டு வாங்கோ.”

சாரியின் மேல் செம்மஞ்சள் ஜக்கெற்றோடு, கீர்த்தனி ஒரு கையையும் திலக்சன் மறுகையையும் பிடிக்க, சுலோஜனா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். உள்துறைமுகம் முழுக்க அவள் கண் திறக்கவில்லை. துறைமுக வாயைத் தாண்டி வெளியே வந்ததும் முதல் அலை லோஞ்சைத் தூக்கி இறக்கியது. இரண்டாவது அலை தூக்கியது. அவள் தன்னையறியாமல் ஒரு சத்தம் போட்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் திலக்சன் திரும்பிப் பார்த்தான். சுலோஜனா சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. ஒவ்வொரு அலைக்கும் சிரிப்பு புதிதாகப் பொங்கி வந்தது. அது கீர்த்தனிக்கும் தொற்றியது. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

“அக்கா, அசையாதேங்கோ,” என்று திலக்சன் மெதுவாகச் சொல்லி எஞ்சினை நிறுத்தினான்.

லோஞ்சுக்கு முன்னால் கடல் கறுத்து வழுவழுப்பாக உயர்ந்தது. உயர்ந்துகொண்டே இருந்தது. பிறகு, பெரிய லொறியின் பிறேக் காற்று விட்டதுபோல ஒரு மூச்சு. வானத்துக்கு எழும்பிய தண்ணீர்ப் புகை காற்றில் சாய்ந்து மூவர் தலையிலும் மழையாக இறங்கியது. மீன் சந்தையைக் கழுவாமல் ஒரு கிழமை பூட்டி வைத்த நாற்றம். நீல நிற முதுகு ஒன்று முடிவில்லாமல் அவர்களைக் கடந்து போனது. யானைக்கு வழி வைத்திருந்தாள், மானுக்கு வைத்திருந்தாள். திமிங்கிலத்தை அவள் யோசிக்கவேயில்லை. ஆனால் பயத்தைத் தேடிப் பார்த்தபோது அது அங்கே இல்லை. நெஞ்சு முழுக்கக் காற்றாக, ஊஞ்சலின் உச்சியில் நிற்கும் பிள்ளையாக, நாறும் தண்ணீர் முகத்தில் வழிய அவள் சிரித்தாள்.

அதன் வால் தாழ்ந்து மறைந்தபின் திலக்சன் எஞ்சினை இயக்கினான். அது இருமியது. மறுபடி இருமி ஓய்ந்தது. லோஞ்ச் மெல்ல மெல்ல வெளிக்கடல் பக்கம் இழுபட்டது. சுலோஜனா கண்ணைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். குரல் மட்டும் கந்தோர்க் குரல்.

“நஸ்ரி, எஞ்சின் நிண்டுட்டுது. எங்கை நிக்கிறீங்கள்?”

“இந்தா பின்னாலதான் அக்கா. நானும் திமிங்கிலத்தத்தான் பாத்துட்டு இருக்கன். கொஞ்சம் பொறுங்க, இன்னொருக்கா எழும்பப் போகுது.”

“நாங்கள் இந்தியாவுக்குப் போகமுதல் வாங்கோ.”

நஸ்ரி வந்தான். கயிறு கட்டி லோஞ்சைக் கப்பலடிக்கு இழுத்துப் போனான். அங்கே கயிற்று ஏணியைச் சுலோஜனா கீழிருந்து மேலாகப் பார்த்தாள். நாலாம் படி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. வேறு ஏணி இறக்கும்வரை கீர்த்தனியின் ஜக்கெற் பட்டியைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. மேலே நின்ற மாலுமிகள் முணுமுணுத்துவிட்டு மாற்றினார்கள். கீர்த்தனி ஏறி, பாரந்தூக்கியைத் திருத்தி, எண்ணெய் படிந்த கையோடு இறங்கி வந்தாள். அதற்குள் எஞ்சினும் சரியாகியிருந்தது.

கரை சேர்ந்ததும் இல்ஹாம் தொலைபேசியில் வந்தான்.

“மிஸ், இன்டைக்கு ஏதும் சம்பவம்?”

“ஓம். லோஞ்ச் எஞ்சின் நிண்டது, மற்றப் படகு வந்து இழுத்தது. ஏணியில ஒரு படி சரியில்லை, மாத்தினவங்கள். ஆளுக்கு ஒண்டுமில்லை.”

“எஞ்சின் ஏன் நின்டது?”

“திமிங்கிலம் வந்ததெண்டு நாங்கள்தான் நிப்பாட்டினது. பிறகு எஞ்சின் வேலை செய்யேல்லை.”

கொழும்பில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு இல்ஹாம் குரலைத் தாழ்த்தி, “எவ்வளவு பெரிசு மிஸ்?” என்றான்.

அதன்பிறகு வந்த பொறியியலாளர்கள் எல்லோரையும் கப்பலுக்குக் கூட்டிப் போனவள் சுலோஜனாதான். தனக்கென்று ஒரு ஜக்கெற் வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த பயணத்துக்கே இல்ஹாமும் வந்தான். ஒழுங்குகளை நேரில் பார்க்க என்று கம்பனியில் சொல்லியிருந்தான். லோஞ்சின் முன்னால் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, குடா முழுவதையும் கண்ணால் துழாவினான். கடல் அன்றைக்குக் கண்ணாடி போலக் கிடந்தது. தூரத்தில் சம்பூர்க் கரையும் ஒன்றிரண்டு தோணிகளும்தான் தெரிந்தன.

“எத்தினை மணிக்கு வரும் அக்கா?”

“அது எங்களுக்கு அறிவிச்சுப்போட்டு வாறதில்லைத் தம்பி,” என்றாள் சுலோஜனா. “நீங்கள் அந்தப் பட்டியை இறுக்கிப் போடுங்கோ.”