ஆறு பன்னிரண்டுக்கு வந்த புத்தகம்

நம்பினால் நம்புங்கள். சந்தேகப்படுவதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது.

நான் நூலக ஆய்வாளர். ஆள் வராத நூலகங்களை மூடச் சொல்லி எழுதுவது என் வேலை. அந்தச் சின்ன நூலகத்தின் பதிவேட்டில் ஒன்று கண்ணை உறுத்தியது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவரின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘காலமானார்’ என்று எழுதி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் வாரம் ஒரு புத்தகம் அவர் பெயரில் போய் வந்துகொண்டிருந்தது.

நூலகர் ஐம்பது வயது அம்மாள்.

“செத்தவர் பேர்ல எடுத்து ஆள் வர்ற மாதிரி காட்டறீங்களா?”

“நான் எடுக்கல சார். ராத்திரி ஒரு புத்தகத்தை ஜன்னல்ல வெச்சுட்டுப் போவேன். காலையில இருக்காது. வியாழக்கிழமை திரும்பி வந்துரும்.”

என் காதிலேயே பூ சுற்றுகிறார் என்று நினைத்தேன்.

அன்று வியாழன். நாலரைக்கு, வாசல் கதவை ஒட்டியிருந்த, திருப்பித் தரும் புத்தகங்களை வெளியிலிருந்தே துவாரம் வழியாகப் போடும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலி. நானே பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டேன். அம்மாளை என் எதிரிலேயே உட்காரச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தரைக்கு மழை பிடித்தது.

மணி 6:10. வெளியே செருப்புச் சத்தம். சரக்... சரக்... ஒரு காலை இழுத்து நடப்பது போல.

அம்மாளைப் பார்த்தேன். இரண்டு கையும் மேசை மேல்.

6:11. இருமல்.

“யாரது?”

எழுந்து நின்றேன்.

6:12.

டப்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மழை. ஆள் இல்லை...

பெட்டியைத் திறந்தேன்.

புத்தகம்.

ஒரு துளி ஈரமில்லை.

உள்ளே அவருடைய உறுப்பினர் அட்டை. ஓரமெல்லாம் மண்.

மறுநாள் காலை அட்டையில் இருந்த முகவரிக்குப் போனேன். கூட்டுக் களவாணிகளாக இருப்பார்களோ என்ற சந்தேகம் அப்போதும் விடவில்லை. அவர் மகள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள்.

“ஆள் வரலன்னு நாலு மாசம் நூலகத்தை மூடி வெச்சாங்கல்ல, அப்பவும் அப்பா தினம் போவாரு. இன்னைக்காவது திறப்பாங்கன்னு படியிலயே உக்காந்திருப்பாரு. ஒரு நாள் வீட்டுக்கு வரல. போய்ப் பார்த்தா... பூட்டுன கதவுல சாய்ஞ்சபடியே போயிட்டாரு.”

“அவரோட அட்டை எங்க?”

இயந்திரம் நின்றது.

“சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எடுக்க மனசு வரல. அதோடவே புதைச்சுட்டோம்.”

என் கை பைக்குள் இருந்தது. அட்டையின் மேல். வெளியே எடுக்கவில்லை.

மூடச் சொல்லிப் பாதி எழுதியிருந்த அறிக்கையும் அதே பைக்குள்தான் இருந்தது. அதை இன்றுவரை நான் முடிக்கவில்லை.