எவ்வளவு குடித்தேன் என்று சொன்ன நாள்

எனக்கு மூட்டுவலி என்று தெரிந்ததும் மருந்து சொல்லாத ஆளே இல்லை. கிளேபாங் சாலையோரத்தில் வடைக்கடை போட்டு இருபது வருடம் நின்ற முழங்கால் இது. வாங்குகிற ஒரு வடைக்கு ஒரு வைத்தியம் வீதம் சொல்லிவிட்டுப் போவார்கள். முடக்கத்தான் என்பார் ஒருவர், கடலட்டையில் காய்ச்சுகிற காமாட் எண்ணெய் என்பார் இன்னொருவர். எல்லோருக்கும் தலையாட்டுவேன், எதையும் தொடமாட்டேன்.

காரணம் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. எஸ்டேட்டில் சிறுபிள்ளையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் என் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. பின்னாளில் செயற்கை வால்வு வைத்தார்கள். வீடு அமைதியாக இருந்தால் அது டிக் டிக் என்று அடிப்பது எனக்கே கேட்கும். அதில் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. மாத்திரை வேலை செய்வது கூடிவிட்டால் இரத்தக்கசிவு நிற்காது, குறைந்துவிட்டால் வால்வில் கட்டி சேரும். இரண்டில் எதுவானாலும் ஆள் காலி. அதனால் மாதம் ஒருமுறை கிளினிக்கில் விரலைக் குத்தி ஓர் எண் பார்ப்பார்கள். அது மூன்றைச் சுற்றி நிற்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைகள்கூட எனக்கு ஆகாது, பனடோல் ஒன்றுதான்.

வலிக்கிறது என்று கிளினிக்கில் ஆறு தடவை சொன்னேன். “வயசாகுது ஆன்ட்டி” என்று ஆறு தடவையும் பதில் வந்தது. எனக்குத் தெரியாதா வயதாகிறது என்று? என் பிறந்த தேதியை நான்தானே படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்!

அப்படி ஒரு வெறுப்பில் இருந்தபோதுதான் என் தங்கை வேன் பிடித்து எல்லை தாண்டித் தாய்லாந்து ஹட்யாய்க்குப் போய்வந்தாள். புக்கிட் காத்திலில் என் வீட்டுக்குப் பின் தெருவில்தான் அவள் வீடு. வந்த மறுநாளே ஒரு சின்னக் கறுப்புப் பாட்டிலைச் சமையலறை மேசையில் வைத்தாள். லேபிள் முழுக்கத் தாய்லாந்து எழுத்து, நடுவில் ஒரு பச்சை இலை. அந்த இலையை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சுவரில் போதைப்பொருள் எச்சரிக்கைச் சுவரொட்டியில் பார்க்காத இலையா?

“அக்கா, இது போதை இல்ல லா. அந்தச் செடியில இருந்து எடுத்த சிபிடி எண்ணெய். அங்க கடையில வச்சு விக்கிறான். செடிதானே, ஒன்னும் செய்யாது. நாக்குக்கு அடியில விட்டா வலி போயிரும், நல்லாத் தூக்கம் வரும்.”

“எவ்வளவு விடணும்?”

“நான் அரை டிராப்பர் விடுறேன். நீ என்னைவிடக் குண்டு, ஒன்னு விடு.”

எங்கள் குடும்பத்தில் மருந்தின் அளவு இப்படித்தான் தீர்மானமாகும். என் தங்கையைக் குறை சொல்லப் போவதில்லை. வாயைத் திறந்தது நான். இந்த நாட்டில் அந்த இலைக்கு என்ன சட்டம் என்றும் தெரியும், என் வால்வும் தெரியும். வலிக்கிறவளை வயதைக் காட்டி அனுப்பினால் அவள் இதைத்தான் செய்வாள்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒன்றரை, நான்காம் நாள் இரண்டு. வடை மாவில் உப்பு பற்றவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் போடுவேன், அதே கைக்கணக்குதான். வலி குறைந்ததா என்றால், குறைந்த மாதிரித்தான் இருந்தது. தூக்கமும் வந்தது. வந்த தூக்கம் பகலிலும் போகவில்லை. ஒரு சாயங்காலம் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே கண் சொக்கிவிட்டது. வடை வாங்க நின்ற ஒரு மலாய்க்காரர் போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். கை சட்டிக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

பத்தாம் நாள் பல் துலக்கும்போது எச்சில் சிவப்பாக வந்தது. தொடையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். எங்கே இடித்துக்கொண்டேன் என்று நினைவே இல்லை. அன்றைக்குத்தான் கிளினிக் நாளும். தங்கைக்குப் போன் போட்டேன். பயந்துவிட்டாள், பாவம். ஆனால் அவள் பயந்தது வேறு எதற்கோ.

“அக்கா, அங்க போய் அதைச் சொல்லிராத. என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவான். உன்னையும்தான்.”

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தாளர் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா? வரிசையில் இருக்கிற சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் இன வேறுபாடின்றிச் சொல்கிற பதில் “தாக் அடா”. ஒன்றுமில்லை. முந்தின நாள் சட்டி நிறையக் கஷாயம் குடித்தவரும் அதைத்தான் சொல்வார். நானும் வருடக்கணக்காக அதைத்தான் சொல்லிவந்தேன்.

மருந்தாளர் ஒரு தமிழ்ப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, என் மகள் வயது இருக்கும். விரலைக் குத்தினாள். எண்ணைப் பார்த்தாள். திரும்பவும் குத்திப் பார்த்தாள். ஏழுக்கு மேல்.

“ஆன்ட்டி, புதுசா ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, எண்ணெய், எதுவா இருந்தாலும்?”

“தாக் அடா.”

அவள் பெருமூச்சு விட்டாள். “அப்ப வார்ஃபரின்தான் உங்களுக்குக் கூடிப்போச்சு. டாக்டர்கிட்டக் கேட்டு இனிமே குறைச்சுத் தர்றேன்” என்று என் மருந்துப் புத்தகத்தைத் திறந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண் என் பொய்யை வைத்துக் கணக்குப் போடப் போகிறாள். நான் வீட்டுக்குப் போய் எண்ணெயை நிறுத்துவேன், ஆனால் மாத்திரை குறைந்தபடியே இருக்கும். அடுத்த வாரம் வால்வில் கட்டி வந்து விழுவேன். நான் மாவில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றால், இன்னொருத்தி எதை வைத்துச் சரிசெய்வாள்? சிறைக்குப் பயந்து சுடுகாட்டுக்குப் போவதா? போலீஸ் வந்தால் வரட்டும் என்று தோன்றியது. நெஞ்சைத் திறந்து காட்டியவளுக்கு இதைச் சொல்ல என்ன வெட்கம்!

“எழுதாதேம்மா. பொய் சொன்னேன். கஞ்சாச் செடி எண்ணெய் குடிச்சேன். சிபிடி. பத்து நாள்.”

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். என் வால்வு எனக்கே கேட்டது.

“இது போலீஸ் ஸ்டேஷன் இல்ல ஆன்ட்டி. யார் கொடுத்தாங்கன்னு நான் கேக்கல. எவ்வளவு குடிச்சீங்க?”

“ரெண்டு டிராப்பர்.”

“டிராப்பர் ஒரு அளவே இல்ல. ஒரு பாட்டில்ல ஒரு மில்லிக்குப் பத்து மில்லிகிராம் இருக்கும், இன்னொன்னுல நூறு இருக்கும். லேபிள்ல போட்டதுதான் உள்ள இருக்குன்னும் சொல்ல முடியாது. அது கல்லீரல்ல போய் உக்காந்து வார்ஃபரினை வெளியேற விடாது. அதான் எண் ஏறியிருக்கு.”

“அப்ப சரியான அளவு எவ்வளவு?”

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “அனுமதி இருக்கிற ஊர்லயே உங்க மாதிரி ஆளுக்கு டாக்டர் யோசிச்சுத்தான் கொடுப்பாரு. ரொம்பக் கம்மியாத் தொடங்கி, அடிக்கடி ரத்தம் பார்த்து, மெதுவாத்தான் ஏத்துவாரு. இங்க அதுக்கு அனுமதியும் இல்ல, பார்த்துக்க ஆளும் இல்ல. உங்களுக்குச் சரியான அளவு, ஒரு சொட்டும் இல்ல.”

சரி என்றேன். ஆனால் எழவில்லை.

“நான் உண்மை சொல்லிட்டேன். இப்ப நீ எழுது. ஆறு தடவை வலிக்குதுன்னு சொன்னேன், இந்தப் புத்தகத்தில ஒரு வரி இருக்கா பாரு. அந்த ஒரு வரி இருந்திருந்தா நான் ஏன் அந்தப் பாட்டிலைத் தொடப்போறேன்?”

புத்தகத்தைப் புரட்டினாள். இல்லை. என் கண் முன்னாலேயே சிவப்பு மையில் எழுதினாள்: முழங்கால் வலி, நிற்க முடியவில்லை. டாக்டரை அழைத்து வந்தாள். மாத்திரையை நிறுத்தி வைத்து, இரண்டு நாளில் திரும்பவும் இரத்தம் பார்த்தார்கள். எண் இறங்கியபின் பழைய அளவுக்கே வந்தேன். முழங்காலுக்கு உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டும் கிடைத்தது. வலி இன்னும் இருக்கிறது. இப்போது முக்காலி போட்டு உட்கார்ந்துதான் வடை சுடுகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி.

உண்மை சொன்ன அன்று கிளினிக்கிலிருந்து நேரே தங்கை வீட்டுக்குத்தான் போனேன். அவள் வைத்திருந்த பாட்டிலைக் கழிவறையில் கவிழ்த்துத் தண்ணீர் இழுத்துவிட்டேன். என் பாட்டிலில் மிச்சமிருந்ததுக்கும் பிறகு அதே கதிதான். அவள் கழிவறை வாசலிலேயே நின்றாள், முகத்தில் இரத்தமே இல்லை.

“என் பேரைச் சொன்னியா?”

“இல்ல. எவ்வளவு குடிச்சேன்னு சொன்னேன்.”

காலிப் பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு, “அக்கா, நான் பிரஷருக்கு, தூக்கத்துக்குன்னு நாலு மாத்திரை போடுறேன். ரெண்டு நாளா எழுந்தா தலை சுத்துது. நானும் சொல்லணுமா?”

“வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு ரெடியா இரு. உள்ள கேக்கும்போது ‘தாக் அடா’ன்னு மட்டும் சொன்னே, பக்கத்தில உக்காந்து நானே சொல்லிருவேன்.”

ஆறே முக்காலுக்கே என் வாசலில் வந்து நின்றாள்.