ஒன்பது சந்தனப் பொட்டுகள்

அந்தப் பழைய மடிக்கணினிகளில் ஒன்றின் தொடுபலகையில் இன்னும் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. விரலால் தடவினால் திரையில் அம்புக்குறி நகருமே, அந்தச் சதுரத்தின் ஓரத்தில், நகத்தளவு. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். நான் இழுக்க விடுவதில்லை.

செவன் கிங்ஸ் என்ற புறநகரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தின் பின்னறையில், நாங்கள் ரீச்சர் என்று கூப்பிட்ட அம்மா கணினி வகுப்பு எடுத்தார். பாரிசில் இருபது வருடம் மாடாய் உழைத்துவிட்டு இங்கே வந்தவர். பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் குளிரில் விறைத்து நிற்கும் தாய்மாரை உள்ளே இழுத்து இருத்தி, கவுன்சில் படிவத்தை அவர்களே நிரப்பப் பழக்கினார். யாரோ கழித்துவிட்ட ஒன்பது மடிக்கணினிகள், எல்லாம் ஒரே மாதிரி. எவரும் இலவசமாக எடுத்து, வேண்டியபடி திருத்திப் பாவிக்கக்கூடிய திறந்த மூல இயங்குதளத்தை அவற்றில் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்குச் சோறு போடுவதே கணினி வேலைதான்.

சரஸ்வதி பூசையன்று ரீச்சர் புத்தகங்களோடு அந்த ஒன்பதையும் அடுக்கி, ஒவ்வொரு தொடுபலகையிலும் சந்தனப் பொட்டு வைத்தார். அடுத்த சனிக்கிழமை திறந்தால் ஒன்றிலும் அம்புக்குறி அசையவில்லை. நிர்வாகக் குழுத் தலைவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சந்தனத்தை அப்பி எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டியள். வகுப்பு நடத்தினது காணும், நிப்பாட்டுங்கோ. வாற சனிக்கிழமை அறைப் பூட்டின் திறப்பைத் தந்திடுங்கோ." அந்த அறையில் மேசைப்பந்துப் பலகை போட்டு விளையாட வேண்டுமென்று அவருக்கு வெகுநாள் ஆசை.

வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் தலையாட்டினேன். ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்றேன். ஒன்பது மவுஸ் வாங்கித் தாறன், பக்கத்தில வயரைக் குத்தினால் வேலை முடிஞ்சுது என்று சமாதானம் வேறு சொன்னேன்.

ரீச்சர் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது. "மவுஸ் குத்தினா, சந்தனம்தான் பழுதாக்கினது எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. ஏலாது தம்பி! நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே? ஒரு பொட்டு ஒரு மிஷினைக் கெடுக்கும், சரி. பெரிசும் சின்னனுமாய் வைச்ச பொட்டு ஒன்பதையும் ஒரே மாதிரிக் கெடுக்குமோ?"

அன்றைக்கு வேறென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ரீச்சர் நெற்றியைத் தேய்த்தார். "நல்ல நாள், எல்லாம் புதுசாய்த் தொடங்கட்டும் எண்டு ஒன்பதுக்கும் அப்டேட் போட்டனான்."

ஐயோ, அதுதான் சங்கதி. ஒரு கணினியை நிறுத்தி, அப்டேட்டுக்கு முந்திய பதிப்பைத் தேர்ந்து ஆரம்பித்தேன். காய்ந்த சந்தனத்தின் மேலேயே ரீச்சர் விரலை வைத்தார். அம்புக்குறி ஓடியது! தொடுபலகையை இயக்கும் நிரல், புதிய பதிப்பில் வேறு வழியால் அதனோடு பேசப் பார்க்கிறது. இந்தப் பழைய மாதிரிக்கு அந்த வழி தெரியாது. பழைய வழியிலேயே பேசு என்று தொடக்க அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை ஒன்பதிலும் ரீச்சரே தட்டினார். இயங்குதளத்தைப் பராமரிப்பவர்களுக்கு, தொடுபலகைப் படத்தோடு இந்தப் பிழையை எழுதினேன். முதலில் அந்த மஞ்சளைத் துடைத்துப் பாருங்கள் என்று பதில் வந்தது. "மஞ்சளோடதான் வேலை செய்யுது எண்டு எழுதும்," என்றார் ரீச்சர். எழுதினேன். சில மாதங்களில் வந்த அப்டேட்டில் பிழை திருந்தியிருந்தது.

திறப்பு வாங்கத் தலைவர் வந்த சனிக்கிழமை, ரீச்சர் ஒன்பதிலும் புதுச் சந்தனம் வைத்திருந்தார், முந்தியதைவிடப் பெரிதாக. தாய்மார் வரிசையாக இருந்தார்கள். "வாங்கோ அண்ணை, தொட்டுப் பாருங்கோ." தலைவர் தொட்டார். அம்புக்குறி நகர்ந்தது. அவர் விரல் மஞ்சளாயிற்று. விரலைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடிக்கொண்டே வெளியே போனார், திறப்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

ரீச்சர் காலமாகி இரண்டு வருடமாகிறது. திறப்பு இப்போது என்னிடம். மேசைப்பந்துப் பலகை இன்னும் நடையில் மடித்தபடியே நிற்கிறது, நிற்கட்டும். உதவிக்கு வரும் புதியவர்கள் ரீச்சர் வைத்த பொட்டின் கறையைப் பார்த்துத் துணியெடுத்தால், கை வையாதேங்கோ என்று சத்தம் போடுகிறேன். அடுத்த கிழமை சரஸ்வதி பூசை. சந்தனம் நான்தான் குழைப்பேன், ஒன்பதிலும் நட்டநடுவில் வைப்பேன். அப்டேட்டை மட்டும் மறுநாள் போடுவேன்.