ஒரே சொம்பு மோர்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். எங்கள் மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லிவிடுவார். தாடியும் தலைப்பாகையுமாக வடமேற்கிலிருந்து யார் வந்தாலும் அவருக்குப் பட்டாணி இனத்து ஆள்தான். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்குக் காவல் இருந்த பட்டாணியும், வருஷா வருஷம் பெருங்காயம் விற்க வருகிறவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று கேள்விப்பட்டு உருகிப்போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் பெருமுக்கல் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வரவழைத்தார். பார்த்தவுடன் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவார்கள் என்று அவர் சொன்னதை நம்பி, ஆளுக்கு ஒரு பிடி மல்லாட்டை வாங்கிக்கொண்டு தெருப் பையன்களை நான் வீட்டுக் களத்துக்குள் விட்டேன்.

அவர்கள் அழவில்லை. கயிற்றுக் கட்டிலின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். பையன்கள் மல்லாட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். பாதியை நான் தின்றிருந்தேன்.

"என்னாங்க, ஒரே சனம், பேசாம குந்திக்கினு இருக்கீங்க?" என்றார் மாமா.

"அவரு பட்டாணி. நான் பலூச்சி," என்றார் பெருங்காயக்காரர். "பாஷை வேற, சனம் வேற."

காவல்காரரும் தலையாட்டினார். அந்த ஒன்றில்தான் இருவரும் ஒத்துப்போனார்கள்.

அப்போது, மூட்டை இறக்கிவிட்டு வந்த எங்கள் பண்ணையாள் தண்ணீர் கேட்டார். அம்மா எட்ட நின்று, குவித்த கைகளில் உயரத்திலிருந்து ஊற்றினாள். பெருங்காயக்காரர் அதையே பார்த்திருந்துவிட்டு, அந்த ஆள் எந்த ஊர் என்று விசாரித்தார். மாமா இருமினார். பாடம் புரிந்த மாணவனாக நான் முந்திக்கொண்டேன். பண்ணையாளுக்கு என் அப்பா வயது.

"இதே ஊருதான். ஆனா அவன் வேற, நாங்க வேற."

பெருங்காயக்காரர் என்னை மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவரோ வெளியாட்களுக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்த அலுமினியச் சொம்பில் கொடுத்திருந்த மோரை எடுத்து, வாய் வைத்துப் பாதியைக் குடித்தார். மீதியைக் காவல்காரரிடம் நீட்டினார். அவரும் விளிம்பைத் துடைக்காமல் வாய் வைத்துக் குடித்தார்.

"அய்யே, எச்சிலு," என்றேன். பையன்கள் சிரித்தார்கள். வேறு வேறு என்றவர்கள் ஒருவர் எச்சிலை ஒருவர் குடித்தால்? பொய் வெளிப்பட்டுவிட்டது, ஒரே சனம்தான், மாமா சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தேன்.

மாமா சந்தோஷப்படவில்லை. ஈரக் கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்த பண்ணையாளைப் பார்த்தார்; பிறகு தரையைப் பார்த்தார். ஜெயித்தவர் எதற்குத் தலை குனிகிறார் என்று விளங்காமல், மிச்ச மல்லாட்டையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.