விழுந்து கும்பிட்ட சித்தி

அம்மாவின் தங்கைக்கு முதலில் கைதான் மேலே எழும்பாமல் போனது. தலை சீவிவிட அம்மா தேவைப்பட்டாள். பிறகு டவுன் பஸ்ஸின் படியில் ஏற முடியவில்லை. கண் இமைகள் நாவல்பழத்தைக் கசக்கித் தடவியதுபோல் ஊதா நிறமாயின. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே சித்திக்குச் சோம்பல் என்று தீர்ப்பெழுதி முடித்த பிறகுதான், திருச்சியில் ஒரு டாக்டர் விஷயத்தைச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திரும்பி நின்று அவளுடைய தசைகளைப் புண்ணாக்குகிறதாம். மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார்.

மாத்திரையில் முகம் உப்பியது. "இப்பத்தான் பொண்ணு பூசினாப்ல நல்லா இருக்கு" என்றார்கள் சொந்தக்காரர்கள். அந்தப் பூரிப்பு வடிவதற்குள் கட்டிக்கொடுத்துவிட வீட்டில் அவசரப்பட்டார்கள். மணப்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு. ஏழு வயதான எனக்கும்தான். "கையெடுத்துக் கும்பிட்டுட்டு உள்ள வந்துரு, போதும்" என்று சித்தியிடம் அம்மா சொல்லியிருந்தாள்.

சித்தி காப்பி கொடுத்தாள். பிறகு மாப்பிள்ளையின் அப்பா முன்னால் மெல்ல மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். எழவில்லை. "நல்லா இரும்மா" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"என்னம்மா, எந்திரிக்க முடியலையா?"

சித்தி தலையை லேசாகத் திருப்பி, பதில் சொல்ல வாயெடுத்தாள்.

முன்பெல்லாம் எனக்கு யானையாகக் குனிந்தவள் சித்தி. வெகு நாள் கழித்து யானை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் முதுகில் ஏறி, "யானை, நட" என்றேன். கூடமே சிரித்தது. "சித்திக்கும் இவளுக்கும் எப்பவும் இதே வேலைங்க" என்று அம்மா என்னை இறக்கிவிட்டு, சித்தியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். பிள்ளைகளிடம் இவ்வளவு பிரியமா என்று மாப்பிள்ளையின் அம்மா நெகிழ்ந்துபோனார். அன்றே பூ வைத்தார்கள். எனக்கு ஒரு முழு லட்டு கிடைத்தது.

ஐப்பசியில் கல்யாணம். புகுந்த வீட்டுக்கு மாத்திரை போகவில்லை. சித்தி பெட்டியில் வைத்ததை அம்மாவே எடுத்துவிட்டாள். பொங்கலுக்கு முன்பே சித்தியைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். தண்ணீர் குடித்தால்கூடப் புரையேறியது. "ஏமாத்திட்டீங்க" என்ற ஒரு வார்த்தையோடு சித்தப்பா வாசலிலேயே திரும்பிப் போனார். மறுபடியும் மருந்து கொடுத்ததில் உயிர் நின்றது. எழுந்து நடக்கும் பலம் திரும்பவில்லை.

ஒரு மத்தியானம், பக்கத்தில் படுத்திருந்த என்னிடம் சித்தி சொன்னாள்: "அன்னிக்கு நான் தெரிஞ்சேதான்டி விழுந்தேன். எந்திரிக்க முடியாதுன்னு தெரிஞ்சே விழுந்தேன்."

அந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்குச் சந்தோஷம். "நானும் தெரிஞ்சேதான் சித்தி ஏறுனேன்" என்றேன்.

சித்தி சுவர்ப்பக்கம் புரண்டு படுக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்களை மூடிக்கொண்டாள். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, சத்தமில்லாமல் எழுந்து விளையாடப் போனேன்.